விழிக்குள் ஒளி செலுத்திய மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸ்



விடியுமுன்னரே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டிற்குச் சென்று பழகியவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். இருளில் பதுங்கியிருக்கும் பூனையின் மீதோ முசாங்கின் மீதோ விளக்கொளி பட்டவுடன், அதன் கண்கள் இரண்டும் நெருப்புத் துண்டுகள் போல் ஒளிவிடும். சற்றுத் தள்ளி விளக்கின்றி நிற்பவருக்கு அவ்வொளி அத்துணைத் தெளிவாகத் தெரிவதில்லை. விளக்கை அணிந்தவருக்கே நன்கு தெரியும். இதற்குக் காரணம் யாது?

இதனையொத்த ஒரு கேள்விக்கு விடை தேடப் புகுந்த ஆசிரியர் ஒருவர், மருத்துவ உலகம் அதுவரை தெளிவாகக் கண்டிராத ஓர் இடத்தைத் தம் கண்ணால் கண்டார். உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் அமைந்த விழித்திரையே அவ்விடம். அவ்வாசிரியர்தாம் ஜெர்மன் நாட்டு அறிவியல் மேதை ஹெர்மான் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இன்று கிட்டப்பார்வையுள்ள நம் பிள்ளைகள் கண் மருத்துவரிடம் செல்லும்போது, அவர் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கிறார். இயந்திரத்தின் முன் அமரச் செய்து விழித்திரையைப் படம் எடுக்கிறார். இவையெல்லாம் அம்மேதை திறந்துவைத்த வழியிலே வந்தவை. அன்னாரின் வாழ்க்கை வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், பிரஷ்ய நாட்டில் பெர்லின் மாநகருக்கு அருகிலுள்ள போட்ஸ்டாம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். ஆசிரியர் வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன, பணம் நிறைந்திருக்கவில்லை.

குழந்தைப் பருவத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மிகவும் நலிந்த உடலினராய் இருந்தார். முதல் ஏழாண்டுகளில் பெரும்பகுதி வீட்டு அறையிலும் படுக்கையிலுமே கழிந்தது. மரக்கட்டைகளை அடுக்கியும் கலைத்தும் விளையாடுவதே அவருடைய பொழுதுபோக்கு. பின்னாளில் பள்ளியில் வடிவகணிதப் பாடம் தொடங்கியபோது, ஆசிரியர் கற்பித்த பல உண்மைகளை அக்கட்டைகளிடமிருந்தே தாம் முன்னரே கற்றிருந்ததை உணர்ந்தார்.

எனினும், அவரைத் தொடக்கத்திலேயே சிறந்த மாணவர் என்று எவரும் போற்றியிருக்க மாட்டார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத செய்திகளை மனனம் செய்வது அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. புதிய சொற்களும் இலக்கண விதிவிலக்குகளும் அவர் நினைவில் எளிதில் தங்கவில்லை. வலக்கை எது, இடக்கை எது என்று பிரித்தறிவதிலும் அவர் தடுமாறினார். தம் நினைவாற்றல் குறைவானது என்பதை முதுமையில் அவரே மறைக்காமல் எடுத்துரைத்தார். காரண காரியத்தோடு பொருந்திய எதனையும் மட்டும் அவர் ஒருபோதும் மறந்ததில்லை.

வகுப்பில் லத்தீன் இலக்கியம் நடந்துகொண்டிருக்கும் வேளையில், அவர் மேசைக்கடியில் தாளை வைத்துக்கொண்டு, தொலைநோக்கியின் வழியே ஒளிக்கதிர் எவ்வாறு செல்கிறது என்று கணக்கிட்டுக் கொண்டிருப்பார். மூக்குக் கண்ணாடி வில்லைகளையும் தந்தையாரிடமிருந்த சிறிய உருப்பெருக்கி வில்லையையும் கொண்டு ஒளியியல் கருவிகள் செய்து பார்ப்பார். பாட வேளையில் வேறு வேலை செய்வதை ஆசிரியனாகிய நான் ஊக்குவிக்க முடியாது. ஆயினும், அன்று மேசைக்கடியில் கண்டறிந்த உண்மைகள் சில பிற்காலத்தில் பெரிதும் பயன்பட்டன என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு இழைக்கும் தவறாகும்.

வறுமையும் மருத்துவக் கல்வியும்

அவர் உள்ளம் இயற்பியலையே விரும்பியது. ஆனால், மகனை அத்துறையில் படிக்கவைக்கத் தந்தையாரிடம் பொருளில்லை. அந்நாளில் பெர்லினில் படை மருத்துவர்களை உருவாக்கும் கல்விக்கழகம் ஒன்று இருந்தது. அங்குக் கட்டணமின்றி மருத்துவம் பயிலலாம். பயின்றபின் எட்டாண்டுகள் படையில் மருத்துவராகப் பணியாற்றவேண்டும். 1838இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதில் சேர்ந்தார். அங்கு யோஹான்னஸ் முல்லர் என்னும் பேராசிரியரிடம் உடலியல் பயிலும் நற்பேறு அவருக்குக் கிடைத்தது.

1841இல் கொடிய காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் பல நாள் கிடந்தார். அக்கல்விக்கழக மாணவர் என்பதால் அவருக்குச் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. நலம்பெற்று எழுந்தபோது, செலவாகாமல் எஞ்சிய சிறு தொகை அவர் கையில் இருந்தது. அதனைக் கொண்டு நுண்ணோக்கி ஒன்றை வாங்கினார். அவ்வெளிய நுண்ணோக்கியின் துணையோடு ஆய்வு செய்து 1842இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயால் வந்த ஓய்வையும் கல்விக்கே பயன்படுத்திய அவருடைய மனவுறுதி எண்ணத்தக்கது.

பின்னர்ப் போட்ஸ்டாமில் படை மருத்துவரானார். பகலில் போர்வீரர்களுக்கு மருத்துவம். எஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி. 1847இல், இருபத்தைந்தே வயதில், ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்ற மட்டுமே இயலும் என்னும் உண்மையைக் கணித முறையில் நிறுவிக் கட்டுரை எழுதினார். மேயர், ஜூல் ஆகிய அறிஞர்களும் அவ்வுண்மையைத் தத்தம் வழியில் கண்டறிந்திருந்தனர். புகழ்பெற்ற அறிவியல் இதழொன்று அக்கட்டுரையை ஏற்க மறுத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை, அதனைத் தனி நூலாக வெளியிட்டார். இன்று உலகின் எல்லாப் பள்ளிகளிலும் அவ்விதி கற்பிக்கப்படுகிறது.

ஒரு பாடத்திற்கான ஆயத்தம்

அவருடைய அறிவாற்றலை உணர்ந்த பெரியோர் முயற்சியால் 1848இல் படைப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டு கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். கலினின்கிராட் என்னும் பெயருடன் அந்நகர் இன்று ரஷ்ய நாட்டில் உள்ளது. அவ்வாண்டிலேயே ஓல்கா என்னும் நங்கையை மணந்தார். 1850இல் தவளையின் நரம்பில் செய்தி பாயும் வேகத்தை அளந்து, அது வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டரே எனக் காட்டினார். அவ்வேகத்தை மனிதன் அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசான் முல்லரே கருதியிருந்தார்.

அதே ஆண்டின் இறுதியில் மாணவர்களுக்குக் கண்ணைப் பற்றிப் பாடம் நடத்தவேண்டியிருந்தது. பூனையின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் பளபளப்பான படலம் ஒன்று உண்டு. மனிதக் கண்ணில் அப்படலம் இல்லை. ஆயினும் தக்க திசையிலிருந்து பார்த்தால் மனிதக் கண்ணும் மங்கலாக ஒளிர்வதை லண்டனில் கம்மிங் என்பவரும், பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்சின் நண்பர் புரூக்கேயும் சில ஆண்டுகளுக்கு முன் கண்டிருந்தனர். இதனை மாணவர்க்கு எவ்வாறு விளக்குவது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் சிந்திக்கலானார். அச்சிந்தனையில், நண்பர் கேளாது விட்ட ஒரு கேள்வி அவருள் எழுந்தது. கண்ணிலிருந்து திரும்பி வரும் அக்கதிர்கள் எத்தகைய உருவத்தைத் தோற்றுவிக்கும்?

மாணவர்களே, உங்கள் நண்பனின் கண்ணை உற்றுப் பாருங்கள். நடுவிலுள்ள கண்மணி கறுப்பாகத் தோன்றும். உள்ளே செல்லும் ஒளி, விழித்திரையில் பட்டு, வந்த வழியே புறப்பட்ட இடத்திற்குத் திரும்பிச் செல்கிறது. அதனைக் காணவேண்டுமாயின் நம் கண்ணை அவ்வழியிலேயே வைக்கவேண்டும். வைத்தால் நம் தலையே விளக்கை மறைத்துவிடும்! நெற்றி விளக்கு அணிந்தவரின் கண் விளக்கிற்கு மிக அருகில் இருப்பதால், திரும்பி வரும் ஒளியில் ஒரு பகுதி அவர் கண்ணையும் சேர்கிறது. அதனாலேயே முசாங்கின் கண் அவருக்கு ஒளிர்கிறது.

எட்டு நாள் முயற்சி

ஒளி செல்லும் வழியும் நாம் பார்க்கும் வழியும் ஒன்றாக இருக்கவேண்டும்; ஒன்றையொன்று மறைக்கவும் கூடாது. இச்சிக்கலை ஹெல்ம்ஹோல்ட்ஸ் மிக எளிய பொருளால் தீர்த்தார். அந்தி வேளையில் பேருந்தின் சன்னல் கண்ணாடியை நோக்கினால் நம் முகமும் தெரியும்; வெளியேயுள்ள மரங்களும் தெரியும். கண்ணாடி ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்புகிறது. மறுபகுதியைத் தன்னூடே செல்லவிடுகிறது. இப்பண்பையே அவர் பயன்படுத்தினார்.

மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாகப் பொருத்திப் பக்கத்தில் ஒரு விளக்கை வைத்தார். விளக்கொளி தகட்டில் பட்டுத் திரும்பி எதிரிலிருப்பவரின் கண்ணுக்குள் நுழைந்தது. விழித்திரையிலிருந்து மீண்டு வந்த ஒளியில் ஒரு பகுதி அத்தகட்டை ஊடுருவி, அதன் பின்னால் காத்திருந்த அவருடைய கண்ணை அடைந்தது. உருவம் தெளிவாகத் தெரிவதற்குக் குழிவில்லை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடி வில்லையும், நுண்ணோக்கிக்குரிய மெல்லிய கண்ணாடியும், அட்டையும் பசையுமே அவருடைய முதற்கருவியின் உறுப்புகள்.

முதலில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அக்கருவி கட்டாயம் பயன் தரும் என்று கணக்கு அவருக்குச் சொன்னது. அந்நம்பிக்கை இல்லாதிருந்தால் இடையிலேயே கைவிட்டிருப்பார். ஏறத்தாழ எட்டு நாள் முயன்றபின், உயிருள்ள மனிதனின் விழித்திரை அவர் கண்முன் தோன்றியது. செந்நிறத் தளமும், அதன்மேல் மரக்கிளைபோல் பரவும் இரத்தக் குழாய்களும், நரம்பு வந்து சேரும் வெளிர்நிற வட்டமும் தெரிந்தன. அப்போது அவருக்கு வயது 29. 1850 டிசம்பரில் பெர்லின் இயற்பியல் கழகத்திற்கு இச்செய்தியை அறிவித்தார். 1851இல் நூலாக வெளியிட்டார்.

எதிர்ப்பும் வெற்றியும்

எல்லாரும் இதனை உடனே வரவேற்கவில்லை. நோயுற்ற கண்ணுக்குள் கூரிய ஒளியைச் செலுத்துவது ஆபத்து என்று கூறி ஓர் அறுவை மருத்துவர் அதனைத் தொட மறுத்தார். பார்வை குறைந்த மருத்துவர்களுக்கு வேண்டுமானால் அது பயன்படலாம், தமக்கோ நல்ல கண்கள் இருக்கின்றன என்று மற்றொருவர் ஒதுக்கினார்.

பெர்லினில் ஆல்பிரெஹ்ட் வான் கிரேஃபே என்னும் இளம் மருத்துவர் மட்டும் அதன் அருமையை உடனே உணர்ந்து, நூற்றுக்கணக்கான கண்களை அக்கருவியால் ஆராய்ந்தார். கண் அழுத்த நோய் நரம்பை எவ்வாறு அரிக்கிறது என்பது அவர் போன்றோரின் ஆய்வுகளால் புலனாயிற்று. 1857இல் அந்நோயின் கடுமையான வகையைத் தணிக்கும் அறுவை முறையை அவர் வெளியிட்டார். அதற்குமுன் வெளிப்பார்வைக்குக் குறையேதுமின்றிக் கண் ஒளி இழந்தால், காரணம் நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

கிட்டப்பார்வையின் உண்மையும் அக்காலத்தில்தான் தெளிவாயிற்று. வளர்ந்தவர் ஒருவரின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. கிட்டப்பார்வையுள்ள பெரும்பாலோர்க்கு அந்நீளம் மிகுந்திருக்கும். அதனால் தொலைவிலுள்ள பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. குழிவில்லையுள்ள கண்ணாடி அணிந்தால் அது பின்தள்ளப்பட்டு விழித்திரையில் சேர்கிறது. ஹெல்ம்ஹோல்ட்சின் கருவியைக் கொண்டு நோக்கிய மருத்துவர்கள், மிகுந்த கிட்டப்பார்வையுள்ளோரின் கண்ணில் நரம்பு வட்டத்தின் ஓரத்தில் பிறைநிலாவைப் போன்ற வெண்பகுதியைக் கண்டனர். கண் நீளும்போது உள்ளிருக்கும் படலங்களும் இழுபடுவதன் அடையாளம் அது.

பிற்கால வாழ்வும் பணிவும்

கோனிக்ஸ்பெர்க்கின் கடுங்குளிர் மனைவியாரின் உடல்நலத்திற்கு ஒவ்வாமையால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855இல் பான் நகருக்கும், 1858இல் ஹைடல்பெர்க் நகருக்கும் மாறிச் சென்றார். 1859இல் தந்தையாரையும் மனைவியையும் ஒருசேர இழந்து துயருற்றார். இரு பிள்ளைகளுடன் தனித்திருந்த அவர் 1861இல் ஆன்னா என்னும் அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார். கண்ணின் இயலை முழுமையாக விளக்கும் பெருநூலை 1856 முதல் 1867 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். இடையில் 1863இல் இசையொலியைப் பற்றியும் ஒரு நூல் இயற்றினார். வறுமையால் கைவிட்ட இயற்பியல் 1871இல் அவரைத் தேடி வந்தது. பெர்லின் பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் பேராசிரியராக அழைத்தது. வானொலி அலைகளைக் கண்டறிந்த ஹெர்ட்ஸ் அங்கு அவரிடம் பயின்றவர்.

1886இல் கண் மருத்துவர்கள் ஹைடல்பெர்க்கில் கூடி, கிரேஃபேயின் பெயரால் அமைந்த பதக்கத்தை முதன்முதலாக ஹெல்ம்ஹோல்ட்சுக்கு அளித்தனர். அதனைப் பெற்றுக்கொண்ட அவர், வலிய உளியை வடித்துக் கொடுத்த கொல்லனாகவே தம்மைக் கருதினார். அவ்வுளியால் சிலை வடித்த சிற்பிகளாகிய மருத்துவர்களுக்கே பெருமை உரியது என்று எடுத்துரைத்தார். 1891இல் எழுபதாம் பிறந்தநாள் விழாவில், வழி தெரியாமல் மலையேறுபவனுக்குத் தம்மை ஒப்பிட்டார். பலமுறை தவறி, திரும்பி, வேறு வழி தேடி ஏறியவன், உச்சியை அடைந்தபின்தான் நேரான பாதையைக் காண்கிறான் என்பது அவர் கருத்து.

1893இல் அமெரிக்கா சென்று திரும்பும்போது கப்பலில் விழுந்து காயமுற்றார். 1894 செப்டம்பர் 8ஆம் நாள், தம் 73ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இன்றைய கருவிகள்

அவர் மறைந்தபின் அவ்வழி அகன்று விரிந்தது. 1926இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991இல் அமெரிக்க அறிஞர் குழுவொன்று, விழித்திரையின் அடுக்குகளை வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் ஒளி ஸ்கேன் முறையை வெளியிட்டது. மலையை நோக்கிக் கூவினால் எதிரொலி திரும்பி வருவதைப்போல், ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒளி சிறிது முன்னும் பின்னுமாகத் திரும்பி வருகிறது. அவ்வேறுபாட்டைக் கொண்டு கருவி படம் வரைகிறது. விழித்திரையின் நடுப்பகுதி கால் மில்லிமீட்டர் அளவே தடிப்புடையது. அதற்குள் அமைந்த பல அடுக்குகளையும் இக்கருவி பிரித்துக் காட்டுகிறது. கத்தியுமில்லை, வலியுமில்லை.

கண்ணாடி அணிந்தால் பார்வை தெளிவாகும். நீண்ட கண் குறுகுவதில்லை. ஆதலால் மிகுந்த கிட்டப்பார்வையுள்ளோர்க்கு விழித்திரை மெலிதலும், கிழிதலும், பிரிந்து விழுதலும், கண் அழுத்த நோயும் வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். அவர்கள் கண்ணாடி மாற்றுவதோடு நின்றுவிடாமல் மருத்துவர் கூறும் கால அளவில் விழித்திரையையும் ஆராய்ந்து பார்க்கவேண்டும். கண்ணில் மின்னல்கள் தோன்றினாலும், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலும், திரை இறங்கியதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மற்றொன்றும் அறியத்தக்கது. ஸ்கேன் படத்தில் சிவப்பு நிறம் தோன்றியவுடன் அஞ்சவேண்டியதில்லை. கருவி பொதுவான அளவுகளோடு ஒப்பிடுவதால், நீண்ட கண்ணில் நோயில்லாதபோதும் சில வேளைகளில் சிவப்புக் காட்டும். முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டு முடிவு கூறுபவர் மருத்துவரே. எனவே பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். இனிப்புநீர் உள்ள பெரியோரும் விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

நாம் செய்யவேண்டியது

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், என் வகுப்பில் மாணவன் ஒருவன் கரும்பலகையைப் பார்த்து எழுதாமல், பக்கத்திலிருப்பவனின் ஏட்டைப் பார்த்தே எழுதுவான். சோம்பேறி என்று கடிந்து, தனியே கடைசி வரிசையில் அமர்த்தினேன். அதன்பின் அவன் ஏடு வெறுமையாகவே இருந்தது. பல மாதங்கள் கழித்து நடந்த கண் பரிசோதனையில்தான் அவனுக்குக் கரும்பலகை எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை என்பதை அறிந்தேன். கண்ணாடி அணிந்து வந்த முதல் நாள், சன்னல் வழியே மரத்தை நோக்கி, இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்று அவன் வியந்தான். எனக்குத் தலைநிமிர முடியவில்லை. அவனிடம் கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவேயில்லை.

பெற்றோர்களே! பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும், தொலைக்காட்சியை நெருங்கி அமர்ந்தாலும், புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் படித்தாலும் ஏசாதீர்கள், கண்ணைப் பரிசோதியுங்கள். பெண்பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் அழகு கெடும் என்று எண்ணி அவள் கல்வியைக் கெடுத்துவிடாதீர்கள். 2008இல் வெளியான ஆய்வொன்றில், ஆறேழு வயதுச் சீனப் பிள்ளைகளில் சிங்கப்பூரில் 100க்கு 29 பேரும், சிட்னியில் 100க்கு 3 பேருமே கிட்டப்பார்வை உடையவராய் இருந்தனர். சிட்னிப் பிள்ளைகள் வெளியில் செலவிட்ட நேரம் பன்மடங்கு அதிகம். ஆகவே பிள்ளைகள் நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது பகலொளியில் விளையாடட்டும். நம் தோட்டத்தில் வெளியும் உண்டு, வெளிச்சமும் உண்டு. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுத் திடலுக்கு அனுப்புங்கள்.

மாணவர்களே! கரும்பலகை தெரியவில்லையென்றால் கூச்சமின்றி எழுந்து சொல்லுங்கள். இப்பள்ளியில் எந்த ஆசிரியரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார். மனனம் செய்ய இயலாத பிள்ளையாக இருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஒரு பாடத்தை நன்றாக நடத்தவேண்டும் என்று முயன்றபோது உலகிற்கே கண் கொடுத்தார். அவர் ஏற்றிய விளக்கு அணையாமல் எரிகிறது. அவ்வொளியை நம் பிள்ளைகளின் கண்களுக்குக் கொண்டு சேர்ப்பது நம் கடமையாகும்.

வாழ்க ஹெல்ம்ஹோல்ட்ஸ் புகழ்!

– தலைமையாசிரியர்